உஹூரா வெறும் டெலிபோன் ஒபரேட்டரா?

நீளமான பதிவு. அரசியல் இல்லை. ஊர்ப் பிரச்சினையும் பெரிதாக இல்லை. நேரமிருப்பவர்கள் மட்டும் வாசியுங்கள்.

போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் கல்வியியற் கல்லூரி பெட்ச் நண்பர்கள் ஆறு பேர் ஒரே சஹனில் உட்கார்ந்தோம். பேச்சு ஹோஸ்டல் காலத்துக்குப் போனது. அந்த நாட்களில் ஒருவருடைய பழைய லெப்டொப்பில் ராவிராவாக ஸ்டார் ட்ரெக் பார்த்தோம். புதியது அல்ல, 1966 இல் அமெரிக்காவின் என்.பி.சி.யில் தொடங்கிய அந்தப் பழைய தொடர். மூன்று பருவம், 79 எபிசோட். மனிதன் சந்திரனில் கால் வைப்பதற்கு ஒன்றரை மாதத்துக்கு முன்பே அது முடிந்துவிட்டது. பார்க்காதவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: எண்டர்பிரைஸ் என்றொரு விண்கப்பல், அதன் கெப்டன் கேர்க், அவருக்குப் பக்கத்தில் ஸ்பொக், டொக்டர் மெக்கோய். கதை இந்த மூவருடையது. மற்ற எல்லாரும் ஓரத்தில் நிற்பவர்கள்.

அந்த ஓரத்து ஆட்களைப் பற்றித்தான் தர்க்கம். ஒரு நண்பர் (இப்போது பெரிய பொறுப்பில் இருக்கிறார், பேர் வேண்டாம்) கையில் இறைச்சித் துண்டோடு தீர்ப்புச் சொன்னார்: “ஸ்கொட்டி ஒண்டு, செகோவ் ரெண்டு, சூலு மூணு. உஹூரா கடைசி மச்சான். அது டெலிபோன் ஒபரேட்டர் தானே. காதுல ஒண்டைச் சொருகிக்கொண்டு லைன் ஓப்பன் எண்டு சொல்றதைத் தவிர என்ன செஞ்சிச்சி?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பிழையான சிரிப்பு என்று பட்டது. அதனால் இந்தப் பதிவு.

முதலில் அந்த இரண்டாம் இடத்தைப் பார்ப்போம். செகோவ் முதல் பருவத்தில் இல்லவே இல்லை. 1967 இல் இரண்டாம் பருவத்துக்கு இளம் ரசிகர்களைப் பிடிப்பதற்காகக் கொண்டுவந்த ஆள். மொன்கீஸ் பாட்டுக் குழுப் பையன்களைப் போல முடி வேண்டுமென்று தொடக்கத்தில் விக் கூடப் போட்டுவிட்டார்கள். அவருக்குக் கொடுத்த குணம் என்ன? உலகத்தில் எதைச் சொன்னாலும் அதை ரஷ்யாவில்தான் கண்டுபிடித்தார்கள் என்பார். அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ரஷ்யப் பெடியனைக் கப்பலில் உட்கார வைத்தது துணிச்சல்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே பருவத்தில் சூலுவாக நடித்த ஜோர்ஜ் டகேய் ஒரு படப்பிடிப்புக்காகப் பல வாரம் வராமல் இருந்தார். அந்த வாரங்களில் செகோவின் வசனம் கூடியது. நமக்கு அவரை அதிகம் ஞாபகம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். (1982 இல் வந்த படத்தில் கான் என்ற வில்லன் செகோவைப் பார்த்ததும் முகம் ஞாபகம் இருக்கிறது என்கிறான். கான் தொடரில் வந்தது முதல் பருவத்தில். அப்போது செகோவ் அந்தக் கப்பலில் எங்கே இருந்தார் என்று அந்த நண்பரிடம் கேட்க வேண்டும்.)

சூலுவைப் பாருங்கள். ஒரு கிழமை செடி வளர்க்கிறார், இன்னொரு கிழமை வாளைத் தூக்கிக்கொண்டு கப்பலெல்லாம் ஓடுகிறார், பிறகு துப்பாக்கி சேர்க்கிறார். எதுவும் அடுத்த கிழமைக்கு வராது. எழுதியவர்களுக்கு ஞாபகம் இல்லை, அவ்வளவுதான். ஸ்கொட்டிக்கு முதலிடம் என்பதில் எனக்குச் சண்டையில்லை. கெப்டன் இல்லாத நேரத்தில் ஒரு தூதுவர் வந்து கேடயத்தை இறக்கு என்று கட்டளையிட, முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மனிதர் அவர்.

இனி உஹூரா. அவரும் லெப்டினன்ட். ‘கெட்ஸ்போ’ எபிசோடில் கேர்க், ஸ்பொக், மெக்கோய், ஸ்கொட்டி, சூலு எல்லாரும் கீழே போய்விட, கப்பலை யாரிடம் கொடுக்கிறார்கள் தெரியுமா? டீசால் என்ற இன்னொரு லெப்டினன்ட்டிடம். முழுத் தொடரிலும் மூன்றே எபிசோடில் வந்தவர். மூன்று பருவமும் அதே பாலத்தில் உட்கார்ந்திருந்த உஹூராவுக்கு 79 எபிசோடில் ஒரு தடவை கூட அந்தக் கதிரை கிடைக்கவில்லை. 1973 இல் வந்த கார்ட்டூன் தொடரில்தான் கிடைத்தது. அதுவும் ஆண்களெல்லாம் மயங்கிக் கிடந்தபோது.

ஆனால் கொஞ்சம் இடம் கிடைத்த நேரத்தில் அவர் என்ன செய்தார்? ‘பெலன்ஸ் ஒஃப் டெரர்’ இல் வழிகாட்டும் இடத்தில் இருந்தவர் எழும்பிப் போக, உஹூரா போய் அந்த வேலையைப் பார்க்கிறார். யாரும் கைதட்டவில்லை. இன்னொரு எபிசோடில் தொடர்புக் கருவியைத் தானே பிரித்துத் திருத்துகிறார். இதற்கு உங்களை விடப் பொருத்தமான ஆள் இல்லை என்று ஸ்பொக்கே சொல்கிறார். எவரையும் சும்மா புகழாத ஸ்பொக். டெலிபோன் ஒபரேட்டராம்.

என்னை உண்மையில் தூங்கவிடாமல் செய்தது ‘த சேஞ்ச்லிங்’ எபிசோட். நோமட் என்ற இயந்திரம் உஹூரா பாடுவதைக் கேட்டுக் குழம்பி, அவருடைய அறிவு முழுவதையும் அழித்துவிடுகிறது. படித்தது, பழகியது எல்லாம் போய்விட்டது. பிறகு வைத்திய அறையில் நர்ஸ் சேப்பல் பக்கத்தில் உட்கார்ந்து முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல எழுத்துக்கூட்டி வாசிக்க வைக்கிறார். நீலம் என்ற சொல்லில் உஹூரா தடுக்குகிறார். ஆத்திரம் வருகிறது. வந்ததும் அவருடைய வாயிலிருந்து என்ன வருகிறது? சுவாஹிலி. தாய் மொழி. எல்லாவற்றையும் அழித்த இயந்திரத்தால் அதை அழிக்க முடியவில்லை. உடனே நர்ஸ், அதில் இல்லை, இங்கிலீஷில் சொல்லுங்கள் என்கிறார்.

அரை நிமிடக் காட்சி. ஹோஸ்டலில் பார்த்தபோது இதற்கும் சிரித்தோம். எபிசோட் முடிவதற்குள் டொக்டர் வந்து, இப்போதே கல்லூரி மட்டத்துக்கு வந்துவிட்டார், ஒரு கிழமையில் வேலைக்குத் திரும்புவார் என்று கேர்க்கிடம் சொல்லிக் கணக்கை முடித்துவிடுகிறார். ஒரு மனுஷியின் முழு வாழ்க்கையும் அழிந்து திரும்ப எழுதப்படுகிறது, அடுத்த எபிசோடில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதே கேர்க்குக்கு நடந்திருந்தால் இரண்டு எபிசோட் ஓட்டியிருப்பார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். கற்பித்தல் பயிற்சிக்குப் போன முதல் வருடம், ஆறாம் ஆண்டில் ஒரு பிள்ளை எழும்பி, “சேர், எனக்கு வெளங்குது, செல்லத்தான் தெரியல்ல” என்றாள். பின்னால் மேற்பார்வைக்கு வந்தவர் கொப்பியோடு உட்கார்ந்திருந்தார். நான், “ஒழுங்கான தமிழில் சொல்லுங்க” என்றேன். பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தவணை முழுக்க வாய் திறக்கவில்லை. மேற்பார்வையாளர் எனக்கு நல்ல புள்ளி போட்டார். நர்ஸ் சேப்பல் செய்ததை நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் அந்தக் காட்சியை இப்போது சிரித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை.

சிலர் உடனே மார்ட்டின் லூதர் கிங் கதையைக் கொண்டு வருவார்கள் என்று தெரியும். நிஷெல் நிக்கல்ஸ் முதல் பருவத்தோடு விலக நினைத்தார், கிங் அவரைச் சந்தித்து விலக வேண்டாம் என்றார், இருந்துவிட்டார். நிக்கல்ஸ் பல தடவை சொன்ன கதை. ஆனால் அதைச் சொல்பவர்கள் அவர் ஏன் விலக நினைத்தார் என்பதை விழுங்கிவிடுகிறார்கள். மேடை நாடகத்துக்குத் திரும்பும் ஆசை ஒன்று. தன் வசனங்களை வெட்டுகிறார்கள் என்ற சலிப்பு இன்னொன்று. கிங் அவரை இருக்கச் சொன்னது நிக்கல்ஸுக்கு மரியாதை. வசனத்தை வெட்டியவர்களுக்கு அது நற்சான்றிதழ் ஆகாது. பரிசளிப்பு விழாவில் பெண் பிள்ளையை மேடையில் ஏற்றித் தட்டு பிடிக்க வைத்துப் போட்டோ எடுத்துவிட்டு, “பாருங்கள், இடம் கொடுத்திருக்கிறோம்” என்று சொல்கிறோமே, அந்த மாதிரி நியாயம் இது.

அந்த லைன் ஓப்பன் வசனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1977 இல் நாஸா விண்வெளி வீரர்களைத் தேடியபோது, பெண்களையும் கறுப்பினத்தவர்களையும் விண்ணப்பிக்கச் சொல்லி நாடெல்லாம் போய்ப் பேசியவர் இதே நிக்கல்ஸ். அடுத்த வருடம் தெரிவான 35 பேரில் ஆறு பேர் பெண்கள். பிறகு 1992 இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், தன் வேலை நேரத்தை அந்த வசனத்தைச் சொல்லித்தான் தொடங்கினார். நாங்கள் சஹனில் உட்கார்ந்து சிரித்த வசனம்.

இன்னும் ஓரத்தில் ஒருவர் இருக்கிறார், லெஸ்லி. எடி பாஸ்கி என்பவர் நடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட எபிசோடில் வருகிறார், பேசியது விரல்விட்டு எண்ணலாம். இன்றைக்கு எஞ்சின் அறை, நாளைக்குக் காவல், மறுநாள் கப்பலோட்டும் கதிரை. எல்லாப் பாடசாலையிலும் ரிலீஃப் பீரியட்டுக்கென்றே ஒரு சேர் இருப்பாரே, அவர்தான் லெஸ்லி. ‘ஒப்செஷன்’ எபிசோடில் செத்தும் போகிறார், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி வேலைக்கு வருகிறார். அவர் செத்ததைக் கூட யாரும் கவனிக்கவில்லை.

என்னுடைய பட்டியலில் செகோவுக்கு மேலே கெவின் ரைலியை வைப்பேன். இரண்டே எபிசோட். முதலாவதில் நோய் பிடித்துக் கப்பலைக் கைப்பற்றி, எல்லாருக்கும் இரண்டு மடங்கு ஐஸ்கிரீம் என்று அறிவிக்கும் கோமாளி. இரண்டாவது, ‘த கொன்ஷியன்ஸ் ஒஃப் த கிங்’. அதில் தெரிகிறது, அவர் சின்ன வயதில் இருந்த குடியேற்றத்தில் உணவுப் பஞ்சம் வந்து, கோடோஸ் என்ற ஆளுநர் எட்டாயிரம் பேரில் நாலாயிரம் பேரைக் கொன்றிருக்கிறான். ரைலியின் வாப்பாவும் உம்மாவும் அந்த நாலாயிரத்துக்குள். கோடோஸின் முகத்தைக் கண்டவர்களில் உயிரோடு மிஞ்சிய சிலரில் ரைலியும் ஒருவர். அந்த ஆளுநர் இப்போது ஒரு நாடக நடிகனாக அதே கப்பலில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டதும், ஆயுதத்தை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போகிறார். கேர்க் வந்து தடுக்கிறார். செகோவ் இரண்டு பருவத்தில் சுமக்காத பாரத்தை ஒரு மணி நேரத்தில் சுமந்துவிட்டு ரைலி தொடரிலிருந்தே மறைந்துவிடுகிறார்.

அதே எபிசோடில், அதற்கு முன், ரைலி எஞ்சின் அறையில் தனியாக இருந்து சாப்பிடுகிறார். தனிமை தாங்காமல் இண்டர்கொமில் மற்றவர்கள் கூடியிருக்கும் அறைக்குக் கதைக்கிறார். அங்கே உஹூரா இருக்கிறார், கையில் ஸ்பொக்கின் யாழ். ரைலிக்காக ஒரு பாட்டுப் பாடுகிறார். கெப்டன் இல்லை, ஸ்பொக் இல்லை, டொக்டர் இல்லை. இரண்டு ஓரத்து ஆட்களும் ஒரு திறந்த லைனும் மட்டும். பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கை ரைலியின் பாலில் நஞ்சைத் தெளித்துவிட்டுப் போகிறது. அவர் குடித்துவிட்டு மூச்சு முட்டுவது அந்த லைன் வழியாகத்தான் மற்றப் பக்கத்துக்குக் கேட்கிறது. அதனால்தான் பிழைக்கிறார்.

அந்த நண்பர் வாற சனிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிளேன்டீயும் வடையும் இருக்கும். இந்த இரண்டு எபிசோடையும் போடுவேன். பின்னூட்டத்தில் அடிக்க வருபவர்களும் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.