பட்டியலில் விடுபட்ட எண்

திருவேங்கடம் வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலைப் பார்க்காத மாணவர்கள் குறைவு. ஒரு பண்டலுக்கு 600 பெட்டிகள். 599 என்றிருந்தால் என்ன ஆகும்? 599 ஒரு பகா எண். ஒரே நீண்ட வரிசையாகத்தான் அடுக்கலாம். 600-ஐயோ 20 × 30, 24 × 25 என்று பலவிதமாக அடுக்கலாம். அதற்கு 24 காரணிகள் இருக்கின்றன.

ஆனால் 360-க்கும் 24 காரணிகள் உண்டு. 360-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்ணுக்கு 'உயர் பகு எண்' என்று பெயர். 360 அந்த வகையைச் சேர்ந்தது, 600 சேராது.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1915-இல் இந்த எண்களைப் பற்றி நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 6,74,632 கோடியே... என்று சொல்லத் தொடங்கினால் மூச்சு முட்டும். 6746328388800 வரை உயர் பகு எண்களைப் பட்டியலிட்டார். கணிப்பொறி இல்லாத காலம் அது. எல்லாம் கையால் போட்ட கணக்கு.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருப்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அது 293318625600.

பார்த்ததும் பயப்பட வேண்டாம். பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் வரும். எத்தனை காரணிகள்? 12-இல் பழகுவோம். 12 = 2 × 2 × 3. அதன் ஒரு காரணியில் 2 வராமலிருக்கலாம், ஒருமுறை வரலாம், இருமுறை வரலாம், மூன்று வழிகள். 3 வராமலிருக்கலாம் அல்லது வரலாம், இரண்டு வழிகள். ஆக 3 × 2 = 6 காரணிகள். அதே முறையில் நம் எண்ணுக்கு 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040 காரணிகள்! அதற்கு முந்திய உயர் பகு எண்ணான 240940299600-க்கு 4800 காரணிகளே.

இன்னொரு வேடிக்கை. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். இராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணே வந்து நிற்கும்!

இதைச் சொல்வது இராமானுஜனின் பெருமையைக் குறைப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது என்பதே என் கருத்து. அவர் வகுத்த வழி சரியாக இருந்ததால்தான் விடுபட்டதைப் பிறரால் கண்டுபிடிக்க முடிந்தது. 'பெரியவர் சொல்லிவிட்டார், சரியாகத்தான் இருக்கும்' என்று அவர்கள் விட்டிருந்தால் அந்த எண் இன்றும் வெளியே நின்றிருக்கும்.

நம் வகுப்புகளில் விடை தவறினால் சிவப்பு மைக் கோட்டோடு கதை முடிந்துவிடுகிறது. எந்த வரியில் தவறியது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. சரிபார்ப்பது கணிதத்தின் பாதி வேலை. அதற்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிப்பும் ஒரு தாளும் பென்சிலும் போதும்.

எடுங்கள் பென்சிலை. நான் எழுதிய எண்களையும் சும்மா நம்பிவிடாதீர்கள்!