குண்டு விழும் எல்லைவரை

முகலாயரின் நெருக்கடியில் செஞ்சியில் தங்கியிருந்த மராட்டிய மன்னர் இராசாராம், 1690-இல் தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயக் கும்பினியாருக்கு விற்றார். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் எல்லைவரை இருந்த ஊர்களும் அந்த விலைக்குள் அடங்கின. ஒப்பமிட்ட வேளையில், குண்டு எங்கே போய் விழும் என்று எவர் எண்ணிப் பார்த்தார்? இன்றைய வணிக ஒப்பந்தங்களுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

செஞ்சியைச் சுற்றி இன்றும் மல்லாட்டை விளைகிறது. எனினும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டிருந்த நாடு, இப்போது தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 1994-இல் பாமாயிலுக்குக் கதவைத் திறந்தோம். 2010-இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்தில், கச்சாப் பாமாயில் வரியை 2019-க்குள் 37.5 விழுக்காடாகக் குறைக்க உடன்பட்டோம். அவ்வரம்புக்கும் கீழே நம் அரசே வரியைக் குறைத்ததும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

மலிவு எண்ணெய் ஏழைக்கு நல்லதல்லவா என்பர். உள்நாட்டில் விலை ஏறியதும், 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23-இல்தான் தடை நீங்கியது. தன் மக்களின் அடுப்பை முதலில் பார்த்த அந்நாட்டைக் குறைகூற இயலாது. ஒப்பந்தம் வாங்குகிறவனின் வரியைக் கட்டிப்போட்டதே தவிர, விற்கிறவனின் கையைக் கட்டவில்லை.

வணிகமே வேண்டாம் என்பதன்று என் வாதம். நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றியே அரசு இத்தகைய ஒப்பந்தங்களில் கையெழுத்திடலாம் என்ற நிலை ஒழியவேண்டும். குண்டு எதுவரை பாயும் என்பதை மல்லாட்டை உழவனும் முன்கூட்டியே அறியட்டும்.