முழு ஓடுபாதையும் வேண்டும்

ஒற்றை இன்ஜின் விமானம் எதுவும் சுபாங் விமான நிலையத்தில் ஓடுபாதையின் நடுவிலிருந்து கிளம்பக் கூடாது. முனை வரை சென்று, முழு நீளத்தையும் எடுத்துக்கொண்டே மேலெழ வேண்டும். ஷா ஆலம் வட்டாரத்தில் சிறு விமானம் ஓட்டுபவர்களும் கற்றுத்தருபவர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது.

2023 ஆகஸ்ட் 17 அன்று எல்மினாவில் விமானம் ஒன்று விழுந்து பத்து உயிர்கள் போயின. அவர்களில் இருவர் சாலையில் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்த விமானத்தில் இன்ஜின் நிற்கவில்லை. தரை தொட்டபின் விரிய வேண்டிய இறக்கைத் தடுப்புகள் வானிலேயே விரிந்துவிட்டன என்றது விசாரணை அறிக்கை. 2024 பிப்ரவரி 13 அன்று, சுபாங்கிலிருந்து கிளம்பிய சிறு விமானம் காப்பார் செம்பனைத் தோட்டத்தில் விழுந்து இருவர் மாண்டனர். காரணம் எதுவானாலும், நாங்கள் பறப்பது வீடுகளுக்கு மேல்.

கிளம்பியதும் இன்ஜின் நின்றால் மூக்கைத் தாழ்த்தி, எதிரே கிடைத்த இடத்தில் இறங்கு, திரும்பாதே என்றுதான் எல்லோருக்கும் கற்றுத்தருகிறோம். அதில் மாற்றமில்லை. ஓடுபாதைக்குத் திரும்பி நேர்படுத்த 180 பாகை போதாது. 200க்கு மேல் வளைய வேண்டும். 45 பாகை சாய்ந்தால், விமானம் தாங்கல் இழக்கும் வேகம் ஏறத்தாழ 19 விழுக்காடு கூடிவிடும். தாழ்வான உயரத்தில் அதிலிருந்து மீள இடமில்லை. ஆனால் எதிரே தெரிவதெல்லாம் கூரைகள் என்றால், புதிய விமானியின் கை திரும்பத்தான் துடிக்கும்.

சுபாங் ஓடுபாதை 3,780 மீட்டர். செஸ்னா 172 நம் வெயிலிலும் சுமார் 400 மீட்டருக்குள் தரையை விட்டுவிடும். முனையிலிருந்து கிளம்பினால், 400 அடி உயரத்தில் இன்ஜின் நின்றாலும் எதிரே அதே ஓடுபாதை மிச்சமிருக்கும். பாதியில் கிளம்பியவர் அந்த உயரத்தை எட்டும்போது ஓடுபாதை ஏறத்தாழ முடிந்திருக்கும்.

2024 ஆகஸ்டில் ஜெட் சேவைகள் திரும்பியபின் நெரிசல் கூடியிருப்பது உண்மை. இருந்தாலும், சிறு விமானம் முழு நீளம் கேட்டால் கட்டுப்பாட்டுக் கோபுரம் காத்திருக்கச் சொல்லட்டும், நடுவிலிருந்து கிளம்பச் சொல்ல வேண்டாம்.

பயிற்சிப் பள்ளிகளிடம் ஒன்று கேட்கிறோம். கட்டணம் இன்ஜின் ஓடும் நேரத்துக்கு என்பதால், முனை வரை ஊர்ந்து செல்லும் நிமிடங்கள் மாணவரின் பணத்தைத் தின்கின்றன. அந்த நிமிடங்களை மாணவர் கணக்கில் சேர்க்காதீர்கள்.