உழறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய கணக்கு

'ஐ.டி. வேலையை உதறிவிட்டு இயற்கை விவசாயத்தில் சாதிக்கும் இளைஞர்' வகைச் செய்திகளை நீங்களும் நிறையப் படிச்சிருப்பீங்க. பச்சைத் துண்டு, பின்னாடி வாழைத்தோப்பு, முகம் நிறையச் சிரிப்பு. வேலையை விட்ட நாளுக்கும் அந்த போட்டோ எடுத்த நாளுக்கும் நடுவுல அந்த வீட்டுல அரிசி பருப்பு எந்தக் காசுல வந்ததுன்னு மட்டும் யாரும் எழுதறதில்லை. என்னைக் கேட்டா, விஷயமே அங்கதான் இருக்கு.

நானும் அந்தப் பாதையில கிளம்பிட்டு இருக்கிற ஆள்தான். மதுராந்தகம் பக்கம் 2 ஏக்கர் குத்தகை பேசியாச்சு. வேலையை இன்னும் விடலை. 'இவ்வளவு ஆசை இருக்கே, உடனே விட வேண்டியதுதானே'ன்னு கேட்கிற நண்பர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

ரசாயன உரம் போட்டுப் பழகின நிலம் ஒரே போகத்துல மாறிடாது. தக்கைப்பூண்டு, சணப்பை விதைச்சு, பூக்கிற சமயத்துல மடக்கி உழுது, ஜீவாமிர்தம் விட்டு மண்ணைத் தேத்தணும். முதல் ஒன்றிரண்டு வருஷம் மகசூல் குறையறது சகஜம். இயற்கை விளைபொருள்னு சான்றிதழ் வாங்கணும்னா, பொதுவா ஒரு வருஷப் பயிர்களுக்கு 2 வருஷம், பலவருஷப் பயிர்களுக்கு 3 வருஷம் மாறுதல் காலம்னு விதியே இருக்கு. மகசூலும் குறைவு, சான்றிதழைக் காட்டிக் கூடுதல் விலையும் கேட்க முடியாது. அந்த நடுக்காலத்தைத் தாண்டறதுக்குள்ளதான் பல பேருக்கு மூச்சு முட்டிடுது.

இலங்கையில 2021ல ரசாயன உர இறக்குமதிக்குத் திடீர்னு தடை போட்டாங்க. அந்த வருஷம் முடியறதுக்குள்ள தடையைத் தளர்த்த வேண்டியதாப் போச்சு. இயற்கை விவசாயம் தப்புன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. அவகாசம் குடுக்காம மாத்தினா எதுவும் தாங்காது, அவ்வளவுதான். ஒரு நாட்டுக்கே அப்படின்னா, மாசச் சம்பளத்துல ஓடற என் வீடு எந்த மூலைக்கு?

அதனால நிலத்துக்கு முன்னாடி வீட்டை மாத்தினோம். பிள்ளையோட பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு ரெண்டையும் தனியா ஒதுக்கிட்டா, கையில நிக்கிறது மாசம் 75,000 ரூபாய். அதுல செலவு 51,000. காரை வித்ததுல தவணை, பெட்ரோல்னு 12,500 மிச்சம். வேளச்சேரியிலேர்ந்து பெருங்களத்தூருக்கு வீடு மாறினதுல வாடகை 7,000 குறைஞ்சது. ஹோட்டல், ஆன்லைன் ஷாப்பிங் வகையில 4,500. இப்ப செலவு 27,000.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. 3 வருஷச் செலவைக் கையில வச்சுக்கிட்டு இறங்கணும்னு முடிவு. பழைய செலவுன்னா 18,36,000 வேணும். மாசம் 24,000 சேர்த்தா ஆறு வருஷத்துக்கு மேல ஆகும். இப்ப தேவை 9,72,000தான், சேமிப்போ மாசம் 48,000. 21 மாசத்துல முடிஞ்சிடும். சிக்கனம் ரெண்டு பக்கமும் வேலை செய்யுது. சேமிப்பைக் கூட்டுது, தேவையைக் குறைக்குது. சம்பள உயர்வால முதல் வேலையை மட்டும்தான் செய்ய முடியும்.

ஆனா ஒண்ணு. சிக்கனம்ங்கிற பேர்ல யார் தலையில கை வைக்கிறோம்னு பார்க்கணும். என் கனவுக்காகத் தங்கமணி மிக்ஸியை விட்டுட்டு அம்மியில அரைக்கணும்னா அது சிக்கனம் இல்லை, அராஜகம். (பதிவைப் படிச்சிட்டுத்தான் போடச் சொன்னாங்க :-)) எதை வெட்டலாம்னு அவங்கதான் பட்டியல் போட்டாங்க. கார் முதல் வரியில இருந்தது!

அதேமாதிரி கூலி. பஞ்சகவ்யாவும் ஜீவாமிர்தமும் பெரும்பாலும் சாணம், கோமியம், வெல்லத்துல முடிஞ்சிடும். களைக்கொல்லி அடிக்காத வயல்ல ஆள் வச்சுக் களை எடுத்தாகணுமே, செலவு அங்கதான். அந்தக் கூலியில 50 ரூபாய் குறைச்சு 'செலவில்லா விவசாயம்'னு பெருமை பேசறதை என்னால ஏத்துக்க முடியலை. எங்க வீட்டு ஹோட்டல் செலவைக் குறைக்கலாம். இன்னொரு வீட்டு உலைக்குப் போற காசைக் குறைக்கிறதுக்குப் பேர் வேற.

பயிர்த் திட்டமும் இந்தக் கணக்கை ஒட்டித்தான். கீரை 25, 30 நாள்ல காசு குடுக்கும். செடிமுருங்கை ஆறு மாசம். நெட்டைத் தென்னைன்னா ஆறேழு வருஷம் காத்திருக்கணும், குத்தகை நிலத்துக்கு அது ஆகாது. அதனால முதல்ல கீரையும் முருங்கையும், கொஞ்சம் இடத்துல சீரகச் சம்பா. மண்ணைத் தேத்திக் குடுத்ததும் நிலத்தைத் திருப்பிக் கேட்டுடக் கூடாதேன்னு, குத்தகையை 5 வருஷத்துக்கு எழுதிக்கிறோம்.

'உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்கும் மிஞ்சாது'ன்னு எங்க தாத்தா சொல்வார். சரிதான். அதனாலதான் உழறதுக்கு முன்னாடியே கணக்குப் பார்க்கச் சொல்றேன். நம்மாழ்வார் ஐயா பேச்சைக் கேட்டு உடம்பு சிலிர்த்து, மறுநாளே ராஜினாமா எழுதத் துடிக்கிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். வர்ற மாசத்திலேர்ந்து பாதிச் சம்பளத்துல வாழ்ந்து பாருங்க, ஒரு வருஷம். வீட்டுல எல்லாரும் சிரிச்ச முகமா இருந்தா தாராளமாக் கிளம்புங்க. ஆறாவது மாசமே மூஞ்சி சுருங்கினா, தப்பிச்சீங்க... சம்பளம் இன்னும் வந்துட்டுத்தானே இருக்கு!