சொகுசுக் காரின் சஸ்பென்ஷன் செலவும் பூட்டிவைக்கப்பட்ட அறிவும்

1990இல் டெக்னோபார்க் நிறுவப்பட்டதற்குப் பின் கழக்கூட்டத்தின் சாலைகளில் ஓடும் கார்களின் வகை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அம்பாசிடரும் மாருதியும் ஓடிய இடத்தில் இன்று மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி ஆகியவற்றைக் காண்பது வியப்புக்குரியதன்று. அவற்றுள் பல, முதல் உரிமையாளரிடமிருந்து இரண்டாம், மூன்றாம் கைக்கு வந்தவை. கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து வந்து இங்குப் பணியாற்றும் தமிழ் இளைஞர்களுக்கும் அத்தகைய பழைய சொகுசுக் கார் எட்டக்கூடிய ஆசையாகிவிட்டது. ஆசை நிறைவேறிய சில மாதங்களில், ஒரு காலைப்பொழுதில், காரின் ஒரு மூலை தரையோடு தாழ்ந்து கிடக்கும். ஓட்டுநர் முன்னுள்ள திரையில் எச்சரிக்கை சிவப்பாய் ஒளிரும். பழுதுநீக்கும் செலவுக்கான மதிப்பீட்டுத் தாள் கைக்கு வரும்போதுதான், காரின் விலை வேறு, காரை வைத்திருப்பதன் விலை வேறு என்பது புரியும்.

‘யானையை வாங்கியவர் அதன் தீனிக்கு அழலாமா?’ என்று கேட்டு இப்பிரச்சினையைக் கடந்துவிடலாம். செல்வர்களின் துயரம் பொதுவிவாதத்திற்குரியதா என்ற ஐயமும் எழலாம். ஆனால் அந்த மதிப்பீட்டுத் தாளில் இரு வேறு செலவுகள் ஒரே தொகையாய்க் கலந்திருக்கின்றன. ஒன்று, இயற்பியல் விதிக்கும் செலவு. அதைத் தவிர்க்க இயலாது. மற்றொன்று, பழுதுநீக்கும் அறிவையும் கருவியையும் உதிரிபாகத்தையும் பூட்டிவைப்பதால் விளையும் செலவு. அதைத் தவிர்க்க இயலும், தவிர்க்கவும் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டக் கோருவது செல்வர்க்குச் சலுகை கேட்பதாகாது.

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கவேண்டும். தானாக உயர்ந்து தாழும் சஸ்பென்ஷன் எதையும் ‘ஹைட்ராலிக்’ என்றழைப்பது வழக்கமாகிவிட்டது. 1998இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்த ஏர்மேட்டிக், காற்றால் இயங்குவது. ரப்பர்ப் பைகளில் அடைக்கப்பட்ட காற்று காரின் எடையைத் தாங்குகிறது. ஒரு கம்ப்ரசர் அக்காற்றை நிரப்புகிறது. ரப்பர் வெடித்துக் காற்றுக் கசிந்தால், கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் பழுதாகும். 1999இல் அதே நிறுவனத்தின் சி.எல். காரில் அறிமுகமான ஏ.பி.சி. எனும் அமைப்பே உண்மையில் ஹைட்ராலிக். அதில் என்ஜினால் இயக்கப்படும் பம்ப், எண்ணெயை ஏறத்தாழ 200 பார் அழுத்தத்திற்கு உயர்த்துகிறது. சாதாரணக் கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல் இது ஏறத்தாழ எண்பது மடங்கு. ஒவ்வொரு சக்கரத்திலும் சுருள்வில்லோடு ஒரு ஹைட்ராலிக் உருளை இணைந்திருக்கும். கார் வளைவில் சாய முற்படுவதையும் பிரேக் பிடிக்கையில் முன்னே குனிவதையும் சென்சார்கள் உணர்த்த, கணினி வால்வுகளைத் திறந்து மூடி உடலைச் சமநிலையில் நிறுத்துகிறது.

இத்தகைய அமைப்பு பழுதாவது வியப்பன்று. நைட்ரஜன் நிரப்பிய அக்குமுலேட்டர் எனும் கலன், பம்பின் துடிப்பை உள்வாங்கிக்கொள்ளும். அதன் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வின் வழியே நைட்ரஜன் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாய் வெளியேறும். சவ்வு தளர்ந்தபின் அத்துடிப்பைக் குழாய்கள் தாங்கவேண்டியிருக்கும்; ஒரு நாள் குழாய் வெடிக்கும். எண்ணெயில் சேரும் நுண்துகள் வால்வுகளின் வளையங்களைத் தேய்க்கும். இரவில் நிறுத்திய கார் காலையில் தாழ்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணெயையும் வடிகட்டியையும் உரிய காலத்தில் மாற்றி, தளர்ந்த அக்குமுலேட்டரையும் மாற்றிவிட்டால் செலவு கட்டுக்குள் நிற்கும். அதைத் தள்ளிப்போட்டால் பம்ப், வால்வு பிளாக், ஸ்ட்ரட் என ஒன்றன்பின் ஒன்றாய்ப் பழுது தொடரும். ஆண்டுக்கு இரு பருவமழை, ஓயாத ஈரப்பதம், சில கிலோமீட்டர் தொலைவிலேயே கடல், நெடுகிலும் வேகத்தடைகள் என்று அமைந்த கழக்கூட்டத்தின் சூழல், இரும்புக் குழாய்க்கும் ரப்பருக்கும் இரக்கம் காட்டுவதில்லை. இவையெல்லாம் முதல்வகைச் செலவு. இதற்காக எவரையும் குறைகூற இயலாது.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. புதிதாய் 80 லட்ச ரூபாய்க்கு விற்ற ஒரு கார், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 15 லட்சத்திற்கு இறங்குவதாக உதாரணத்திற்குக் கொள்வோம். காரின் விலை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்துவிட்டது. ஆனால் அதன் ஸ்ட்ரட், 80 லட்ச ரூபாய்க் காரின் ஸ்ட்ரட்டாகவே நீடிக்கிறது, ஏ.பி.சி. ஸ்ட்ரட் ஒன்றின் விலை ஒரு லட்சத்தை எளிதில் தாண்டும். கார் உயர்வருவாய்க் குடும்பத்திலிருந்து நடுத்தரக் குடும்பத்திற்கு இறங்கிவருகிறது. பராமரிப்புச் செலவு அதனுடன் இறங்கிவருவதில்லை. ஆகவே, இந்தச் செலவைச் சுமப்பவர் பெரும்பாலும் காரைப் புதிதாய் வாங்கியவர் அல்லர். மாதத்தவணையில் பழைய காரை வாங்கியவரே.

அமைப்பு நுட்பமானது என்பதாலேயே பழுதுநீக்கம் மூடிய கதவுக்குப் பின்னே நடக்கவேண்டும் என்ற வாதத்தை வரலாறு ஏற்கவில்லை. 1955இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் சிட்ரோயன் நிறுவனம் டி.எஸ். காரை அறிமுகப்படுத்தியது. பால் மாஜெஸ் உருவாக்கிய ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன் அதன் உயிர்நாடி. உலோக உருண்டையொன்றின் மேற்பாதியில் நைட்ரஜன், கீழ்ப்பாதியில் எண்ணெய், இடையே ரப்பர்ச் சவ்வு என்பதே அதன் அடிப்படை. தொடக்ககாலத் திரவம் ஈரத்தை ஈர்த்து உட்பாகங்களை அரித்ததால், 1960களின் பிற்பகுதியில் பச்சைநிறக் கனிம எண்ணெய்க்கு நிறுவனம் மாறிற்று. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் இந்த நுட்பத்திற்கு உரிமம் பெற்று 1965இல் சில்வர் ஷேடோவில் பயன்படுத்தியது. இருப்பினும், சிட்ரோயனின் அந்த உருண்டை கையால் திருகிக் கழற்றத்தக்கதாய் இருந்தது. தனியார் பணிமனைகள் அதில் மீண்டும் வாயு நிரப்பக் கற்றுக்கொண்டன. அரை நூற்றாண்டு கடந்த டி.எஸ். கார்கள் இன்றும் ஓடுவதற்கு இதுவே முதற்காரணம். இந்த மரபு 2017இல் சி5 காருடன் முடிவடைந்தது. 2021இல் இந்தியாவுக்கு வந்து, திருவள்ளூரில் தொகுக்கப்பட்ட சிட்ரோயன் சி5 ஏர்கிராஸில் பம்போ உருண்டையோ இல்லை. ஷாக் அப்சார்பருக்குள்ளேயே இரு ஹைட்ராலிக் தடுப்புகள் மட்டும் உள்ளன. பராமரிப்பின் எளிமையையும் பொறியியல் ஒரு குறிக்கோளாய்க் கொள்ளமுடியும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இன்றைய சொகுசுக் காரில் நிகழ்வது வேறு. வால்வு பிளாக்கில் தேய்ந்தது ஒரு ரப்பர் வளையமாக இருக்கலாம். ஆனால் வளையம் தனியே விற்கப்படுவதில்லை, பிளாக் முழுமையாகவே விற்கப்படுகிறது. புதிய பாகத்தைப் பொருத்தியபின் காரின் உயரத்தை அளவிட்டுக் கணினியில் பதிவுசெய்யத் தனி ஸ்கேனரும் மென்பொருள் அனுமதியும் தேவை. அவை அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் மட்டும் இருக்குமானால், கைத்திறன் மிக்க மெக்கானிக்கும் பாதி வேலையோடு நிற்கவேண்டியதுதான். மென்பொருளால் வாழும் ஊரில், மென்பொருள் பூட்டினால் கார் நிற்கிறது என்பது கழக்கூட்டத்திற்கேயுரிய முரண்.

இந்தப் பூட்டு வெறும் ஊகமன்று. சட்டத்தின் முன் நிறுவப்பட்ட ஒன்று. ஒரு தனி நுகர்வோர் அளித்த புகாரின்மேல் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பளித்தது. மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ. முதல் மாருதி, டாட்டா வரை 14 நிறுவனங்கள் மீது மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனியார் பணிமனைகளுக்குக் கிடைக்காமற் செய்தமை, நுகர்வோரைத் தம் சேவை மையங்களிலேயே கட்டிவைத்தமை ஆகியவை போட்டிச் சட்டத்துக்கு முரணானவை என ஆணையம் கண்டது. வெளியே பழுதுநீக்கினால் வாரண்டி முழுவதும் செல்லாது என்ற பொதுநிபந்தனையையும் அது மறுத்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன, வழக்கு நீண்டது. தீர்ப்பு சொன்னவை நடைமுறைக்கு வரும் வேகம், உதிரிபாக விலை உயரும் வேகத்தோடு ஒப்பிடத்தக்கதாய் இல்லை.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமைக்கான சட்டகத்தை வகுக்க ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றோடு வாகனங்களும் அதன் வரம்பில் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் இணையவாயில் ஒன்றும் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இலேயே வாகனப் பழுதுநீக்கத் தகவலைத் தனியார் பணிமனைகளுக்கும் வழங்கவேண்டும் என்று சட்டமியற்றிவிட்டது. இந்தியாவிலோ இணையவாயில் உண்டு. தகவலைத் தர மறுப்பவரைத் தண்டிக்கும் தனிச்சட்டம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் மீதான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது வரவேற்கத்தக்கதே. எனினும், வளையம் தேய்ந்ததற்குப் பிளாக்கையே வாங்கவேண்டியவருக்கு வரிக்குறைப்பு சிறு ஆறுதலே.

கேரளத்தில் இப்பிரச்சினைக்கு இன்னொரு முகமும் உண்டு. செலவுக்கு அஞ்சும் உரிமையாளர் சிலர் ஹைட்ராலிக் அமைப்பை அகற்றிவிட்டுச் சாதாரணச் சுருள்வில்லைப் பொருத்த நினைக்கின்றனர். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து விலகும் மாற்றத்தைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை உறுதிசெய்தது. பாதுகாப்பு நோக்கில் அது நியாயமானதே. கார் குறிப்பிட்ட விதமாய் நடந்துகொள்ளும் என்ற எதிர்பார்ப்பில்தான் அதன் பிற கட்டுப்பாட்டு அமைப்புகள் வடிவமைக்கப்பட்டுள்ளன. ஆயினும் விளைவைக் கவனிக்கவேண்டும். மூலவடிவத்திலிருந்து விலகக்கூடாது என்று உரிமையாளரைக் கட்டும் சட்டம், அந்த மூலவடிவத்தைக் காக்கத் தேவையான பாகத்தையும் அறிவையும் தரவேண்டும் என்று தயாரிப்பாளரை அதே உறுதியோடு கட்டவில்லை. கடமை ஒரு பக்கமும் உரிமை மறுபக்கமுமாய் நிற்கும் இந்நிலை நீதியாகாது.

எதிர்வாதங்கள் இரண்டு உண்டு. 200 பார் அழுத்தமுள்ள குழாயைப் பயிற்சியற்றவர் கழற்றினால் உயிருக்கே ஆபத்து என்பது முதலாவது. அது உண்மை. ஆனால் ஆபத்துக்கு மருந்து பயிற்சியும் சான்றிதழும். கையேட்டை ஒளித்துவைப்பது ஆபத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. கையேடு கிடைக்காத மெக்கானிக்கும் அந்தக் குழாயைக் கழற்றத்தான் செய்கிறார், குறிப்பில்லாமல். அறிவுசார் சொத்துரிமை என்பது இரண்டாவது வாதம். ஒரு பம்பை நகலெடுத்து உற்பத்தி செய்வதற்கும், தேய்ந்த பம்பைச் சரிசெய்வதற்கும் வேறுபாடு உண்டு. பின்னதற்குத் தேவையான தகவலை மறைக்க முன்னதன் உரிமையைக் காட்டுவது பொருந்தாது. போட்டி ஆணையத்தின் முன்னும் இவ்வாதம் வைக்கப்பட்டது. ஆணையம் அதை ஏற்கவில்லை.

இந்த மண்ணுக்கு இறக்குமதி இயந்திரம் புதிதன்று. 1938இல் திருவிதாங்கூர் அரசு பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, லண்டன் பயணியர் போக்குவரத்து வாரியத்திலிருந்து வந்த இ. ஜி. சால்டரின் மேற்பார்வையில் 60 காமர் சேஸிகள் இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்டன. அவற்றின் மேல் உடலமைப்பைக் கட்டியது திருவனந்தபுரம் சாக்கைப் பணிமனைத் தொழிலாளர்கள். இயந்திரம் கடல்கடந்து வந்தது. அதனுடன் அறிவும் இறங்கியது. கழக்கூட்டத்திற்கு அருகிலுள்ள தும்பாவில் 1963இல் தொடங்கிய ராக்கெட் ஏவுதளத்தைச் சுற்றி, விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வளர்ந்தது. அத்தகைய ஊரில் ஒரு காரின் வால்வு பிளாக்கைத் திறந்து பார்க்கும் அறிவு விளையாது என்று எவரும் சொல்லமுடியாது. அவ்வறிவுக்கு வழிவிடப்படவில்லை என்பதே உண்மை.

செய்யவேண்டியவை கைக்கெட்டாதவையல்ல. வால்வு வளையம், அக்குமுலேட்டர் போன்ற உட்பாகங்கள் தனித்தனியே விற்கப்படவேண்டும். ஸ்கேனர் அனுமதியும் பழுதுநீக்கக் கையேடும் நியாயமான கட்டணத்தில் சான்றிதழ் பெற்ற தனியார் பணிமனைகளுக்கும் கிடைக்கவேண்டும். பழைய சொகுசுக் காரை விற்கும் வணிகர், சஸ்பென்ஷனின் வகையையும் அதன் பராமரிப்பு வரலாற்றையும் எழுத்தில் தரவேண்டும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பாடத்திட்டங்களில் உயரழுத்த ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் செய்முறைப் பயிற்சியாய் இடம்பெறவேண்டும். இன்று உயர்விலைக் காரில் உள்ள நுட்பம் நாளை எல்லோருடைய காருக்கும் வரும்; கணினிவழிப் பூட்டும் அதனுடனேயே வரும். அப்போது தாழ்ந்து நிற்பது சொகுசுக் கார் மட்டுமாய் இராது.

200 பார் அழுத்தத்தின் விலையை உரிமையாளர் செலுத்தத்தான் வேண்டும். பூட்டின் விலையை அவர் ஏன் செலுத்தவேண்டும் என்பதற்கு இதுவரை ஏற்கத்தக்க விடையில்லை.