பள்ளிச் சுவரில் நாலு வரிக்கு இடமில்லையா?



எங்கள் கண்டமங்கலம் பக்கத்துச் சுவர்களில் புற்றுநோய் பற்றி எழுதியிருந்தால் நின்று படித்துவிட்டுத்தான் நகர்வேன். புகையிலை, வாய்ப்புண், மார்பகம், கருப்பைவாய் என்று எல்லாம் இருக்கிறது. வேண்டியவைதான். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசே பரிசோதனையும் செய்கிறது. ஆனால், பிள்ளைகளுக்கும் புற்றுநோய் வரும், ரத்தப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அவர்களை அதிகம் தாக்குவது மூளைக்கட்டிதான் என்று ஒரு சுவரிலும் நான் படித்ததில்லை.

என்னை இதை எழுத வைத்தவள் என்னிடம் நான்காம் வகுப்பு படித்த ஒரு சிறுமி. காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வெறும் வயிற்றிலேயே வாந்தி. பத்து மணிக்கெல்லாம் தெளிந்துவிடுவாள். அதனாலேயே யாரும் அவளை நம்பவில்லை. பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று ஓர் இடத்தில் சொல்லி அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் வரப் பிடிக்காமல் சாக்குச் சொல்கிறாள் என்றவள் நான். நாலு கோடு நோட்டில் ஓர் எழுத்துகூடக் கோட்டைத் தாண்டாமல் எழுதிய பிள்ளையின் வரிகள் சரியத் தொடங்கியபோது, சிவப்பு மையில் 'கவனம்' என்று எழுதிக் கொடுத்தேன். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கரும்பலகையைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஸ்கேன் எடுப்பதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. சிறுமூளையில் கட்டி. உயிர் பிழைத்தாள், ஒரு கண்ணில் பார்வை திரும்பவில்லை.

மூளைநீர் வடியும் வழியைக் கட்டி அடைத்துக்கொண்டால் தலைக்குள் அழுத்தம் ஏறும். இரவெல்லாம் படுத்திருக்கும்போது அது இன்னும் கூடும். எழுந்து நடமாடினால் சற்றுத் தணியும். பத்து மணிக்கு அவள் தெளிந்தது நடிப்பால் அல்ல என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

தலைவலி வரும் பிள்ளைக்கெல்லாம் கட்டி இருக்காது. யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. காலைத் தலைவலியும் வாந்தியும் வாரக்கணக்கில் விடாமல் வந்தால், அதோடு நடை தள்ளாடினாலோ, புதிதாக மாறுகண் விழுந்தாலோ, தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ தாமதிக்கக் கூடாது. இந்த நாலு வரியை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் போதும்.

பெரிய மருத்துவமனைக்கும் நமக்குப் பஞ்சமில்லை. கிழக்கே பஸ் ஏறினால் புதுச்சேரி ஜிப்மர், மேற்கே போனால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. எப்போது பஸ் ஏற வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கும் இருமுறை அங்கன்வாடிக்கும் வர வேண்டும். ரத்தசோகை, சொத்தைப்பல், பார்வைக் குறை, வலிப்பு என்று சுமார் 30 குறைபாடுகளைப் பார்க்கிறார்கள். பட்டியலில் மூளைக்கட்டி இல்லை. கண்ணைச் சோதிக்கிற அதே மருத்துவர், "காலையில வாந்தி வருதாம்மா? நேரா நடந்து காட்டு" என்று கேட்க எத்தனை நிமிடம் ஆகிவிடும்? சுகாதாரத் துறை இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பிரிட்டனில் 2011-ல் இந்த அறிகுறிகளைச் சிறு அட்டையில் அச்சிட்டுப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் கொடுத்தார்கள். முன்பு 14 வாரம் இழுத்த நோயறிதல், சில ஆண்டுகளில் 7 வாரத்துக்குள் வந்தது. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2030-க்குள் உலகெங்கும் 60 சதவீதமாவது பிழைக்க வேண்டும் என்று 2018-லேயே இலக்கு வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு அதில் ஒரு துண்டுத்தாள்கூட வந்து சேரவில்லை.

ஜூன் 8 உலக மூளைக்கட்டி தினம். பள்ளி திறந்து பாடப்புத்தகம் கொடுக்கும் சமயம் அது. அந்தப் புத்தகக் கட்டோடு ஆசிரியர்களுக்குத் தமிழில் ஓர் அட்டையும் வரட்டும். சத்துணவுக் கூடத்துச் சுவரில் அந்த நாலு வரியை எழுதி வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் நிற்கும் இடம் அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கண்டமங்கலம், விழுப்புரம் மாவட்டம்.