கச்சத்தீவு யாருக்கு? நாற்காலி யாருக்கு?

கச்சத்தீவைக் கொடுத்தது யார், தடுக்காமல் விட்டது யார் என்று தேர்தலுக்குத் தேர்தல் சண்டை நடக்கிறது. 285 ஏக்கர். குடிக்கத் தண்ணீர் இல்லாத தீவு. தோழர்களே, என் கேள்வி வேற. இந்தக் கடலைப் பற்றிப் பேசிய எந்த மேசையிலாவது எங்களுக்கு ஒரு நாற்காலி போட்டார்களா?

முதல் மேசை 1964 அக்டோபர் 30. சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 மலையகத் தமிழரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை ஒதுக்கி வைத்து, 1974ல் ஆளுக்கு 75,000 என்று முடித்தார்கள். ஆட்டுச் சந்தையில்கூட பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவான். இங்கே வெறும் தலைக்கணக்கு. அந்தத் தலைகளில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர் தலைகள். ஒரு தலையிடமாவது 'எங்கே இருக்க விருப்பம்' என்று கேட்டுவிட்டா கையெழுத்துப் போட்டார்கள்?

இரண்டு மாசம் முடியவில்லை. டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடியே போச்சு. தலைமன்னார்க் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. அதில்தான் 1970ல் என் அப்பத்தா வந்து இறங்கினாள். மாத்தளையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். காகிதத்தில் 'தாயகம் திரும்பியவர்'. கண்ணால் பார்த்தே இராத ஊருக்கு ஒருத்தி எப்படித் திரும்புவாள்? மண்டபம் முகாமிலிருந்து போய்ச் சேர்ந்த ஊரில் பொதுக்கிணற்றில் வாளி இறக்க விடவில்லை. "கடலத் தாண்டிட்டேன்டா, கிணத்தத் தாண்ட முடியல" என்பாள் சாகிறவரைக்கும்.

ஆகவே நீர் எல்லை பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு போட்டவர்களை எங்களுக்குத் தெரியும். 1927ல் மகாட் குளத்தில் அம்பேத்கர் எதற்காகக் கை நிறையத் தண்ணீர் அள்ளினார் என்பதும் தெரியும்.

அடுத்த மேசை 1974 ஜூன். இந்திராவும் சிறிமாவோவும் பாக் நீரிணையில் கோடு கிழித்தார்கள். இந்திய மீனவர் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்று அதில் ஒரு பிரிவு. 1976 மார்ச்சில் இரண்டு வெளியுறவுச் செயலாளர்கள் கடிதம் மாற்றிக்கொண்டார்கள்: இந்தப் பக்கத்துப் படகு அந்தப் பக்கத்தில் மீன் பிடிக்கக் கூடாது. அது நெருக்கடி நிலைக் காலம். தமிழ்நாட்டு ஆட்சியை ஜனவரி 31லேயே கலைத்தாகிவிட்டது. கேட்க நாதியில்லை. ஒரு கடலின் பிழைப்பு ஒரு தபாலில் போச்சு.

'சரி, மீனவரையே பேச வைத்தால் போதாதா?' என்று கேட்கலாம். வைத்தார்கள். 2014 ஜனவரியில் சென்னையில், மே மாதம் கொழும்பில் இரு கரை மீனவப் பிரதிநிதிகள் பேசினார்கள். நம் பக்கம் ஓங்கி ஒலித்தது விசைப்படகு முதலாளிகளின் குரல். அதே படகில் கூலிக்குப் போகிறவன் எங்கே உட்கார்ந்தான்?

நான் வங்கியில் கணக்கெழுதிப் பிழைப்பவன். கவிதையெல்லாம் ராத்திரிக்குத்தான். ஆகவே கணக்காகவே சொல்கிறேன். 2017ல் இழுவலைக்குப் பதிலாக ஆழ்கடல் படகு என்று ஒரு திட்டம் வந்தது. படகு விலை 80 லட்சம். மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கைப்பணம் 8. பழைய இழுவலைப் படகைக் கைவிட வேண்டும் என்பது நிபந்தனை. படகே இல்லாதவன் எதைக் கைவிடுவான்? சங்கு குளித்தும் சுண்ணாம்பு சுட்டும் வாழ்ந்த கடையர், பட்டியல் சாதியினர். மழை பொய்த்த வருஷம் உள்ளூர்ச் சேரியிலிருந்து கூலிக்குப் படகேறுகிறவர் எங்கள் ஆள். அந்த விண்ணப்பத்தில் இவர்கள் பெயரெழுத ஒரு கட்டமும் இல்லை.

இவர்கள் வங்கிக்கு வருவது வேறு வேலையாக. புருஷன் இலங்கைச் சிறையில். ஒரு ஜோடிக் கம்மலை மேசைமேல் வைத்தாள் ஒரு அக்கா. மூணு கிராம். ரசீது எழுதிக் கொடுத்தவன் நான்தான். படகை மீட்கப் பேச்சுவார்த்தை நடக்கும். அவள் கம்மலை மீட்க எந்த வெளியுறவுச் செயலாளர் வருவார்?

சுடுகிற கடற்படையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலை வீசுகிறவனும் தமிழன். போரில் கடலையே இழந்து, 2009க்குப் பிறகு திரும்பி வந்தவன். இலங்கை 2017ல் இழுவலையைத் தடை செய்த பிறகும் நம் இழுவலை அவன் வலையை அறுக்கிறது, கடலடியைச் சுரண்டுகிறது. மேடையில் 'தொப்புள்கொடி உறவு', ராத்திரியில் வலையறுப்பு. லாபம் முதலாளிக்கு, சிறை கூலிக்கு, பட்டினி அக்கரைக்காரனுக்கு. இதில் தமிழுணர்வு எங்கே இருக்கு?

1930ல் லண்டன் வட்டமேசைக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் போனார்கள். எங்களுக்காக வேறு எவராவது பேசட்டும் என்று வீட்டில் இருக்கவில்லை. நாங்கள் கேட்பதும் அதுதான். இழுவலையை நிறுத்துங்கள். ஆனால் நிறுத்துகிற அன்றைக்கே மாற்றுத் தொழிலும் பணமும் முதலில் கூலிக்காரனுக்கு, பிறகு படகுக்காரனுக்கு. அடுத்த பேச்சுவார்த்தையில் சங்கத் தலைவருக்குப் பக்கத்தில் கூலியும், கடையர் வீட்டுப் பெண்ணும் உட்கார வேண்டும். எதிரே யாழ்ப்பாணத்துச் சிறுபடகுக்காரன் உட்காரட்டும். இவர்கள் பேசினால் தீரும்.

நாற்காலி போடுங்கள். போடலைன்னா தூக்கிக்கிட்டு வருவோம்.